பெயர் வாசிக்கப்படாத என் பேரனுக்காக

என் பேரனின் பெயரை மூன்று ஆண்டும் வாசிக்கவில்லை.

அம்மனை நம்பியிருக்கிற சகோதரங்களே, இதை எங்கே தொடங்குவது என்று தெரியாமல் இரண்டு தாளைக் கிழித்துவிட்டேன். எப்படித் தொடங்கினாலும் அந்த வசனத்தில்தான் வந்து நிற்கிறது. எங்கள் குளக்கட்டு அம்மன் எனக்குச் செய்ததைச் சொல்லத்தான் எழுதுகிறேன். ஆனால் இது முழுக்கச் சந்தோசமான கதை இல்லை. அதை முதலே சொல்லிவிடுகிறேன்.

நான் நீர்ப்பாசனப் பகுதியில் ஓவசியராக இருந்து ஓய்வு பெற்றவன். உருத்திரபுரத்துக்கு அடுத்த குடியேற்றத்தில் மகள் கலாவோடு இருக்கிறேன். எதையும் எண்ணாமல் எனக்கு இருக்கமுடியாது. வாய்க்காலில் எத்தனை கதவு, வயலில் எத்தனை மயில், பந்தியில் எத்தனை இலை என்று மனம் எண்ணிக்கொண்டே இருக்கும். கலா இதை ஒரு நோய் என்கிறாள். கடைசிச் சண்டைக் காலத்தில் வீட்டிலிருந்து நான்கு பேர் வெளிக்கிட்டோம். கடல்நீரேரியைக் கடந்து அந்தப் பக்கம் ஏறி எண்ணினேன். மூன்று பேர். மூத்தவன் சிவரூபன் இல்லை. பிறகு அகதி முகாமில், தேடிக் கிடைத்தவர்களின் பெயர்களை ஒலிபெருக்கியில் வாசிப்பார்கள். ஒவ்வொரு தடவையும் கம்பி வேலியடியில் போய் நிற்பேன். மனைவியும் நிற்பாள். அவள் போய்ச் சேரும்வரை அந்தப் பெயர் வாசிக்கப்படவில்லை.

இளையவன் நேசன் சண்டை இறுக முன்னமே கனடாவுக்குப் போயிருந்தான். அங்கே பிறந்த பிள்ளைதான் ஆரூரன். வீட்டில் ஆரு என்போம்.

ஆருவுக்கு நடக்கப் பழகிய கையோடு பனிக்கட்டியில் சறுக்கவும் வந்துவிட்டதாம். நேசன் விடிய முன்னம் அவனைக் காரில் ஏற்றி ஐஸ் தளத்துக்குக் கொண்டுபோவான். அங்கே அந்த விளையாட்டுக்கு ஹொக்கி என்று பெயர். காலில் கத்தி வைத்த சப்பாத்து, கையில் நீண்ட மட்டை, ஓடுவது பந்து இல்லை, கறுப்பு ரப்பர்த் தட்டு. ஆரு பின்னுக்கு நின்று மறிக்கிற ஆட்டக்காரன். பதினாறு வயதிலேயே வீட்டை விட்டு வடக்கே ஒரு சின்ன நகரத்தில், ஒரு வெள்ளைக்கார அம்மாவின் வீட்டில் தங்கி, இளையோர் லீக்கில் ஆடினான்.

இதையெல்லாம் நான் எங்கள் அயலவர் முத்தையாவுக்குக் காட்டினேன். முத்தையாவின் தகப்பன் மலையகத் தோட்டத்திலிருந்து கலவரத்தில் அடிபட்டு ஓடி வந்து இங்கே காடு வெட்டிக் குடியேறியவர். போனில் வீடியோவைப் பார்த்த முத்தையா கேட்டார்:

"ஏங்கையா, இது மீன் பெட்டியில போடுற ஐசுங்களா?"

"அதே ஐஸ்தான். ஒரு வயல் அளவுக்கு."

"அதுல புள்ளைய வுட்டு, இத்தன பேரு சேந்து இடிக்கிறானுங்களே. உங்க மகனுக்குக் கொஞ்சமாவது மனசு இருக்கா?"

பதினெட்டு வயதில் அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு நாள் வரும். ஆனி மாதக் கடைசியில். பெரிய கிளப்புகள் முப்பத்திரண்டு. ஏழு சுற்று. ஒவ்வொரு கிளப்பும் தனக்கு வேண்டிய பிள்ளையின் பெயரை வாசிக்கும். மொத்தம் இருநூற்று இருபத்து நான்கு பெயர். அதில் வந்தால் தொழில்முறை ஆட்டக்காரன் ஆகும் வழி திறக்கும். வராவிட்டால் இருபது வயது வரைக்கும் இன்னும் இரண்டு ஆனி இருக்கிறது. நேசன் இதைச் சொல்லித் தந்த நேரம் நான் கேட்டது ஒரே கேள்விதான்: "பிள்ளைகள் எல்லாம் இருந்து கேட்டுக்கொண்டு இருப்பினமோ?" "ஓம் அப்பா, வீட்டில ரீவிக்கு முன்னால இருந்து." எனக்கு முகாம் ஞாபகம் வந்தது. அன்றே அம்மனிடம் போனேன்.

எங்கள் கோவில் வழக்கம் உங்களுக்குத் தெரியும். வெளியூர் அடியார்களும் வாசிப்பார்கள் என்பதால் சொல்கிறேன். நேர்த்தி வைக்கிறவர் மஞ்சள் துணியில் ஒரு குத்திக் காசை முடிந்து கோவில் வேம்பில் கட்டுவார். எவருக்காகக் கட்டினோமோ, கேட்டது கிடைத்ததும் அவரே வந்து தன் கையால் அவிழ்த்து அம்மனின் காலடியில் வைக்க வேண்டும். நான் கட்டினேன். "தாயே, முப்பத்திரண்டு கிளப்பில் ஒன்றாவது அவன் பெயரை வாசிக்க வேண்டும். அவன் வந்து காவடி எடுப்பான்." அவனைக் கேட்காமலே அவன் தோளில் காவடியை வைத்துவிட்டேன்.

அந்த ஆனியில் பெயர் வரவில்லை.

"உயரம் காணாதாம் அப்பா," என்றான் நேசன். "மறிக்கிறவன் ஆறடிக்கு மேல வேணுமாம். இவன் ஐந்தடி பத்து."

"நாங்கள் சாப்பாட்டில என்ன குறை விட்டனாங்கள்?"

"அது என்ர உயரம் அப்பா. உங்களிட்ட இருந்து வந்தது."

அடுத்த ஆனிக்கு இரண்டாவது முடிச்சுக் கட்டினேன். அதற்குள் ஊருக்குக் கதை பரவிவிட்டது. எங்கள் குடியேற்றத்துப் பிள்ளையொன்று உலக விளையாட்டில் வரப்போகுது என்று ஆளாளுக்குச் சந்தோசம். கலா கட்டினாள். முத்தையா கட்டினார். இன்னும் ஆறு வீட்டார் கட்டினார்கள். நான் வெள்ளிக்கிழமைகளில் ஆருவை வீடியோ அழைப்பில் எடுத்து வேம்பைக் காட்டுவேன். "பார் அப்பு, இது உன்ர. இதுவும் உன்ர. முழு ஊரும் உனக்காகக் கட்டியிருக்கு." அவன் சிரிப்பான். "தாங்ஸ் அப்பப்பா," என்பான். பிள்ளைக்குத் தைரியம் கொடுக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது ஆனியும் போனது. மூன்றாவதற்கு நான் மூன்றாவது முடிச்சுக் கட்டினேன். மொத்தம் பதினொன்று. அதுவும் போனது. அதோடு வயது முடிந்தது.

பெயர் வராத பிள்ளைகளுக்கும் ஒரு சின்ன வழி இருக்கிறது. சில கிளப்புகள் அப்படிப்பட்டவர்களைத் தங்கள் பயிற்சி முகாமுக்குச் சும்மா கூப்பிட்டுப் பார்க்கும். பிடித்தால் கீழ்நிலை அணிக்கு ஒப்பந்தம் எழுதும். அப்படி உள்ளே போய்ப் பெரிய ஆட்டக்காரர் ஆனவர்களும் இருக்கிறார்கள் என்றான் நேசன். எத்தனை பேர் என்று கேட்டேன். "எண்ணாதையுங்கோ அப்பா," என்றான். ஆருவுக்கு அப்படி ஒரு கடிதம் வந்தது. புரட்டாதியில் போனான். தோள்மூட்டு விலகித் திரும்பி வந்தான். பழைய இளையோர் அணிக்குப் போனால், அங்கே இருபது வயதுக்காரர் மூன்று பேரைத்தான் வைத்திருக்கலாம் என்று சட்டம். ஆரு நாலாவது. அவனை விட்டுவிட்டார்கள்.

அன்றைக்கு அவனோடு கதைத்தேன். முகம் வாடிக் கிடந்தது. அவனுக்குத் தமிழ் தட்டித் தடவித்தான் வரும்.

"அப்பப்பா, கிடைக்காட்டி அந்த முடிச்செல்லாம் ஆர் அவிழ்க்கிறது?"

"கிடைக்காமல் விடாது. கிடைக்குமட்டும் அது அங்க தொங்கும்."

"எவ்வளவு காலம்?"

"எவ்வளவு காலமெண்டாலும். நீதான் வந்து அவிழ்க்கோணும்."

"ஓகே அப்பப்பா," என்றான். போனை வைத்தான். அதன் பிறகு நான் எடுத்தாலும் வரமாட்டான். அறைக்குள்ளேயே கிடக்கிறான், சாப்பாட்டைக் கதவடியில் வைக்கிறோம் என்று மருமகள் அழுதாள். நான் என்ன செய்தேன்? இன்னும் பலமாகக் கும்பிட்டேன். கிளப் வேண்டும் என்றுதான் கும்பிட்டேன்.

மார்கழியில் திருவெம்பாவைக் காலம். காலையில் கலா அடுப்படியில் நின்றாள். நேசன் போன் எடுத்தான். அவன் குரல் அவன் குரலாக இல்லை.

"அப்பா, ஆருவைக் காணேல்லை."

மத்தியானம் காரை எடுத்துக்கொண்டு போனவனாம். போன் நிற்பாட்டிக் கிடக்கிறதாம். அங்கே இரவாகிவிட்டது, பனி கொட்டுகிறதாம். பொலிசுக்குச் சொல்லியாகிவிட்டது. மேசையில் தன் கைச்சங்கிலியையும் பணப்பையையும் வைத்துவிட்டுப் போயிருக்கிறான்.

நான் கதிரையில் இருந்தேன். இன்னொரு தடவை எண்ணி ஒன்று குறையப் போகிறது என்று மட்டும் தெரிந்தது. அம்மனைக் கூப்பிட வாய் திறந்தேன். பழக்கத்தில் வாயில் வந்தது "அவன் பெயரை வாசிக்க வேண்டும்" என்ற அதே வசனம்தான். சொல்ல முதல் நாக்கு ஒட்டிக்கொண்டது. அப்போதுதான் எனக்கு விளங்கியது. மூன்று ஆண்டாக நான் ஒருநாளும் அம்மனிடம் அந்தப் பிள்ளையைக் கேட்கவில்லை. அவன் பெயரை ஆரோ வாசிப்பதைத்தான் கேட்டிருக்கிறேன்.

"பிள்ளை, கோவிலுக்கு வா," என்றேன் கலாவிடம்.

"இப்பவோ அப்பா? போன் வந்தால்?"

"போனையும் கொண்டு வா."

குளக்கட்டில் நடந்து போகும்போது கலா கையைப் பிடித்துக்கொண்டாள். பூசாரியார் பூசை முடித்துச் சாம்பலை அள்ளிக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன். "ஐயா, என்ர முடிச்சுகளை அவிழ்க்கப் போறன்," என்றேன்.

அவர் கையைக் கழுவிவிட்டு வந்தார். "கேட்டது கிடைச்சால் அந்தப் பிள்ளை வந்து அவிழ்க்கோணும். கேட்டதையே வேண்டாம் எண்டால் கட்டினவர் அவிழ்க்கலாம்தான். ஆனா அப்பிடி ஒருத்தர் வந்து நான் கண்டதில்லை, ஓவசியர்."

"இப்ப காணுங்கோ."

முதல் முடிச்சு மழையில் நனைந்து காய்ந்து இறுகிப்போயிருந்தது. என் விரலுக்கு அவிழவில்லை. கலா பல்லால் கடித்து இளக்கித் தந்தாள். அவிழ்த்துக் காசைக் காலடியில் வைத்தேன். "தாயே, கிளப் வேண்டாம். ஒருவரும் அவன் பெயரை வாசிக்க வேண்டாம். காவடியும் வேண்டாம். அவன் மூச்சோடு இருக்கட்டும்." இரண்டாவதையும் மூன்றாவதையும் அவிழ்த்தேன். கலா தன்னுடையதை அவிழ்த்தாள். நான் அடுத்த முடிச்சில் கை வைத்தேன்.

"அப்பா, அது மற்ற ஆக்களின்ர."

"இதெல்லாம் அவனுக்கு மேல தொங்குது பிள்ளை."

"எண்டாலும் நாங்கள் தொடேலாது. சொல்லி விடுவம்."

அதற்குள் விசயம் கேள்விப்பட்டு முத்தையா சைக்கிளில் வந்துவிட்டார். நான் சொன்னதைக் கேட்டார். சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனார். கொஞ்ச நேரத்தில் ஒவ்வொருவராக வரத் தொடங்கினார்கள். வயலில் நின்ற கோலத்தோடு ஒருவர். பிள்ளையை இடுப்பில் வைத்தபடி ஒரு பெண். ஆறு வீடும் வந்தது. ஒருவரும் என்னை ஏன் என்று கேட்கவில்லை. எங்கள் ஊரில் காணாமல் போன பிள்ளை என்றால் விளக்கம் சொல்லத் தேவையில்லை. அவரவர் முடிச்சை அவரவர் அவிழ்த்தார்கள். அவிழ்த்த ஒவ்வொருவரும் அம்மனிடம் என்ன சொன்னார்கள் என்று கேட்டேன். எல்லாரும் ஒன்றைத்தான் சொன்னார்கள். பிள்ளை இருந்தால் போதும்.

ஒரு முடிச்சு மிச்சம். அது முத்தையாவினுடையது. அவர் அசையாமல் நின்றார்.

"முத்தையா, உம்முடையது?"

"நான் கிளப்புக்குக் கட்டலைங்கையா. அந்த எமப் பயலுங்க நடுவுல புள்ளைக்கு எலும்பு ஒடயாம இருக்கணும்னு கட்டுனேன். இத எதுக்கு அவுக்கச் சொல்றீங்க?"

அந்த நிலையிலும் கலாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு அழுதாள். அந்த முடிச்சை விட்டுவிட்டோம்.

நாங்கள் கோவில் மணலில்தான் இருந்தோம். ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை. பூசாரியார் தேத்தண்ணி வைத்துத் தந்தார். நான் ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை. கலாவின் போன் அடித்தது. எடுத்தவள் அதை என் காதில் வைத்தாள்.

"அப்பா, கிடைச்சிட்டான். உயிரோட இருக்கிறான்."

நான் மணலில் விழுந்து கும்பிட்டேன். என்னைத் தூக்கி இருத்த இரண்டு பேர் வேண்டியிருந்தது.

நடந்தது பிறகுதான் தெரிய வந்தது. ஆரு வடக்கே காரை ஓட்டிப் போயிருக்கிறான், பதினாறு வயதில் ஆடிய அந்த நகரத்தின் பக்கம். வழியில் ஒரு ஏரிக்கரை. அங்கே காரை நிறுத்தி, எஞ்சினையும் நிறுத்திவிட்டு இருந்திருக்கிறான். கண்ணாடியெல்லாம் பனி மூடிவிட்டது. வீதியில் பனி வழிக்கிற வாகனக்காரர் ஒருவர் அந்தப் பக்கமாக வந்திருக்கிறார். கைவிடப்பட்ட கார் என்று நினைத்து, இலக்கத்தைப் பார்க்க இறங்கியவர் உள்ளே ஆள் இருப்பதைக் கண்டார். கண்ணாடியில் தட்டினார். இவன் திறக்கவில்லை. அவர் போகவும் இல்லை. தட்டிக்கொண்டே நின்றாராம். கடைசியில் இவன் கதவைத் திறந்தான். எங்கே போகவேண்டும் என்று கேட்டார். தான் முன்பு தங்கியிருந்த அந்த வெள்ளைக்கார அம்மாவின் வீட்டைச் சொன்னான். தன் பிளாஸ்கில் இருந்த கோப்பியை ஊற்றிக் கொடுத்துவிட்டு, "என் பின்னால் வா" என்றாராம். அவர் முன்னால் பனியை வழித்துக்கொண்டு போக, ஆரு அந்த வழியால் பின்னால் போனான். அந்த அம்மா கதவைத் திறந்து, ஒன்றும் கேட்காமல், அவன் பழைய கட்டிலில் படுக்க விட்டாவாம்.

ஏரிக்கரையில் என்ன நினைத்து நின்றான் என்று நான் இன்றுவரை கேட்கவில்லை. நாங்கள் முடிச்சு அவிழ்த்த நேரமும் அந்த மனிதர் கண்ணாடியில் தட்டிய நேரமும் ஒன்றா என்று கணக்குப் பார்க்கலாம். இரண்டு நாட்டு நேரத்தையும் கழித்துப் பார்க்க எனக்கு ஒரு தாள் போதும். பார்க்கவில்லை. பார்க்கப் போவதுமில்லை. அந்த மனிதரை அனுப்பியது ஆர் என்று எனக்குத் தெரியும்.

அவனுக்கு உடனே எல்லாம் சரியாகவில்லை. மனதுக்கு வைத்தியம் செய்தார்கள். மாசக்கணக்காக அந்தச் சப்பாத்துகளைத் தொடவே இல்லை. பங்குனியில் ஒருநாள் அவனாகவே எனக்குப் போன் எடுத்தான்.

"அப்பப்பா, முடிச்செல்லாம் அவிழ்த்தீங்களாம்."

"ஓம் அப்பு."

"எல்லாம்?"

"ஒண்டு இருக்கு. முத்தையான்ர. உன்ர எலும்பு உடையாமல் இருக்கக் கட்டினவராம்."

"தோள் உடைஞ்சதே?"

"உடையேல்லை. விலகினதுதானே எண்டு சொல்லுறார்."

சிரித்தான். நெடுங்காலத்துக்குப் பிறகு கேட்ட சிரிப்பு. சிரித்து முடியவும் அழுதான். நானும் அழுதேன். "என்னை மன்னிச்சுக்கொள் அப்பு," என்றேன். "நோ அப்பப்பா," என்றான். மிச்சத்தை ஆங்கிலத்தில் சொன்னான். கொஞ்சம்தான் விளங்கியது. இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்க மனம் வரவில்லை.

இப்போது ஆரு ஒரு பல்கலைக்கழகத்தில் படிக்கிறான். இளையோர் லீக்கில் ஆடிய காலத்துக்காக அந்த லீக்கே படிப்புச் செலவைப் பார்க்கிறது. பல்கலைக்கழக அணியில் ஆடுகிறான். பெரிய கிளப்புகளுக்குப் போகும் வழி அனேகமாக அடைபட்டுவிட்டது என்று நேசன் சொல்கிறான். படித்து முடிய ஐரோப்பாவில் சின்னக் கிளப்புகள் எடுக்கக்கூடும், எடுக்காமலும் விடக்கூடும். சின்ன வயதிலிருந்து அவன் கண்ட கனவு போய்விட்டது. அதை மறைத்து எழுத எனக்கு விருப்பமில்லை. அம்மன் கேட்டதை எல்லாம் அள்ளிக் கொடுத்தாள் என்று எழுதினால் அது பொய். சில நாட்களில் அவன் குரலில் அந்த வாட்டம் இன்னும் கேட்கும். எனக்கு அன்று முழுக்கச் சோறு இறங்காது.

நான் மாறியிருக்கிறேன். வெள்ளிக்கிழமைகளில் அவனுக்குப் போன் எடுக்கும்போது கோவிலைக் காட்டுவதில்லை. என்ன சாப்பிட்டாய் என்று கேட்பேன். அவன் எங்கள் வயலைக் கேட்பான். கோவிலில் பள்ளிக்கூடச் சோதனைக்காக, வெளிநாட்டு விசாவுக்காக முடிச்சுக் கட்ட வருகிறவர்களுக்குத் துணியைக் கிழித்துக் கொடுக்கும் வேலையை நான் எடுத்திருக்கிறேன். ஒருவரையும் தடுப்பதில்லை. "முதலில் அம்மனிட்ட பிள்ளையைக் கேளுங்கோ, பிறகு மற்றதைக் கேளுங்கோ," என்று மட்டும் சொல்லுவேன். சிலர் முறைப்பார்கள். "ஓவசியர் இப்ப அம்மனுக்கும் கணக்குச் சொல்லிக் குடுக்கிறார்," என்று ஒருவர் சொன்னார். சொல்லட்டும்.

ஒன்று இன்னும் இருக்கிறது. இதை எழுதாமல் விட்டால் இந்தச் சாட்சி நிறைவாகாது. சிவரூபனுக்காகவும் நான் இப்படித்தான் கேட்டேன். பதவி கேட்கவில்லை, பணம் கேட்கவில்லை. மூச்சோடு இருக்கட்டும் என்றுதான் அன்றும் கேட்டேன். என் மனைவி என்னிலும் பலமாகக் கேட்டாள். எங்களுக்கு ஒரு பதிலும் வரவில்லை. ஒரு பிள்ளைக்குக் கண்ணாடியில் தட்ட ஒருவர் வந்தார். மற்றப் பிள்ளைக்கு ஏன் வரவில்லை? படித்தவன் நான், எனக்குத் தெரியாது. பூசாரியாரிடம் கேட்டேன். அவரும் தெரியாது என்றார். தெரியாது என்று சொன்னதற்காக அவரில் எனக்கு மதிப்புக் கூடியது. அந்தத் துக்கத்தையும் தூக்கிக்கொண்டுதான் அம்மனுக்கு முன்னால் நிற்கிறேன். நன்றியும் அதே நெஞ்சுக்குள்தான் இருக்கிறது. ஒன்று மற்றதைத் தள்ளவில்லை.

ஆகவே சகோதரங்களே, கேட்டுக் கிடைத்தவர்களை மட்டும் நான் கூப்பிடவில்லை. கேட்டும் கிடைக்காமல் கோவில் பக்கம் வராமல் விட்டவர்கள் எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வீடு இருக்கிறீர்கள். உங்களை எனக்குத் தெரியும், நானும் சிவரூபனுக்குப் பிறகு அப்படிக் கனகாலம் வராமல் இருந்தவன். வெள்ளிக்கிழமை பொங்கல் இருக்கிறது. வாருங்கள். ஒன்றும் கேட்கத் தேவையில்லை, அழுதாலும் ஒருவரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். நான் வாசலடியில்தான் நிற்பேன். நீங்கள் வந்தால் சற்று விலகி இடம் தருவேன்.